வேன் டயர் ஒரு பக்கமா தேயுதா? அலைன்மெண்ட் கடைக்கு போறதுக்கு முன்னாடி இத பாருங்க

டயர் தேஞ்சு போச்சுன்னா நேரா கடைக்கு போயி புதுசு மாட்டிட்டு பழச அங்கயே விட்டுட்டு வர்றதுதான் நம்ம ஆளுங்க பழக்கம், தயவு செஞ்சு அத மட்டும் செய்யாதீங்க, ஏன்னா வண்டில என்ன கோளாறுங்கறதுக்கு சாட்சியே அந்த பழைய டயர்தான். அத தூக்கி போட்டுட்டா, புது டயரும் அதே இடத்துல அதே மாதிரி தேஞ்சு முடியற வரைக்கும் காரணம் தெரியாது. கழட்டறதுக்கு முன்னாடியே ஒரு சாக்பீஸ எடுத்து முன் வலது, முன் இடது, பின் வலது, பின் இடதுன்னு ஒவ்வொண்ணுலயும் எழுதி, வெளிப்பக்கம் எதுன்னும் ஒரு கோடு போட்டுக்கங்க. கழட்டி உருட்டி விட்ட பிறகு எது எங்க இருந்துச்சுன்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

நான் இங்க சொல்றது டொயோட்டா ஹையேஸ், ரீஜியஸ் ஏஸ், நிஸான் கேரவன் வச்சிருக்கவங்களுக்குத்தான், அதாவது முன்னாடி டார்ஷன் பார் (சுருள் ஸ்பிரிங்குக்கு பதிலா முறுக்கிக்கற இரும்பு கம்பி), பின்னாடி பட்டை ஸ்பிரிங், பின் சக்கரம் தள்ளுற வேன். நம்ம மியான்மர்ல யாங்கோன் ஸ்கூல் ஃபெரி, கம்பெனி ஃபெரி (ஃபெரின்னா தினமும் ஆள ஏத்தி இறக்கற வேன்), பகோ மொல்மியன் பக்கம் சாமான் ஏத்தற வண்டி, திருவிழாக்கு பீலிக்கான் கோவிலுக்கு குடும்பம் குடும்பமா ஏத்திட்டு போற வண்டி, முக்காவாசி இதுதான். டவுன் ஏஸ் நோவா, சுசுகி எவ்ரி வச்சிருக்கவங்களும் படிக்கலாம், முன்னாடி டார்ஷன் பாருக்கு பதிலா ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒண்ணா சேந்தது) இருக்கும், பின்னாடியும் பட்டை ஸ்பிரிங் இல்லாம இருக்கலாம், அந்த இடங்க மட்டும் மாறும்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், அலைன்மெண்டுங்கறது, அதாவது சக்கரம் நிக்கற கோணத்த சரி பண்றது, கடைசி வேலை, முதல் வேலை இல்ல. லூஸா ஆடிக்கிட்டிருக்கற ஜாயிண்ட வச்சுக்கிட்டு மெஷின்ல ஏத்தி எல்லா நம்பரையும் பச்சைக்கு கொண்டு வந்தாலும், கடைய விட்டு வெளிய வந்து முதல் குழில விழுந்ததும் அந்த நம்பர் போயிடும். காசு கொடுத்து அலைன்மெண்ட் பண்ணியும் டயர் தேயுதேன்னு புலம்பறவங்க வண்டில பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும்.

சரி, டயர்ட்ட வருவோம். ரெண்டு ஓரமும் தேஞ்சு நடு பட்டன் (டயர் முகத்துல இருக்கற ரப்பர் கட்டி) மட்டும் நிக்குதுன்னா காத்து கம்மியா ஓட்டியிருக்கீங்க, இல்ல காத்து சரியா இருந்தும் லோடு ரொம்ப அதிகம். நடு மட்டும் தேஞ்சு ரெண்டு ஓரமும் நல்லா இருந்தா காத்து ஜாஸ்தி, இது பின் டயர்லதான் அடிக்கடி வரும், ஏன்னா ஃபுல் லோடுக்கு ஏத்த காத்த அடிச்சுட்டு காலி வண்டியாவே ஓட்டிட்டிருப்பாங்க. இது ரெண்டுக்கும் மெக்கானிக் தேவையில்ல, காத்து அளக்கற நல்ல கேஜ் ஒண்ணு போதும். டயர் கடைல தொங்கற கேஜ் எல்லாம் கீழ விழுந்து விழுந்து என்னத்த காட்டும்னு சொல்ல முடியாது, சொந்தமா ஒண்ணு வாங்கி டேஷ்போர்டுல வச்சுக்கங்க.

எவ்வளவு காத்துன்னா, டிரைவர் கதவ திறந்தா தூண்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஜப்பான் எழுத்து படிக்க தெரியலன்னாலும் நம்பர் புரியும், டயர் சைஸ் பக்கத்துல முன் பின்னுன்னு தனித்தனியா கிலோ பாஸ்கல்ல போட்டிருப்பான். 100 கிலோ பாஸ்கல்னா 14.5 பிஎஸ்ஐ, அப்ப 300ன்னா நாப்பத்திமூணரை, 350ன்னா 51 கிட்ட. காருக்கு அடிக்கற 32, 33 கணக்க வேனுக்கும் அடிச்சு விடற பையங்க நிறைய பேரு, பக்கத்துல நின்னு நம்பர சொல்லி அடிக்க சொல்லுங்க. காலைல வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி டயர் ஆறி இருக்கும்போதுதான் பாக்கணும். டயர் சூடு 10 டிகிரி ஏறினா வேன் டயர்ல சுமாரா 2 பிஎஸ்ஐ ஏறும், அதனால மத்தியானம் ஓட்டிட்டு வந்து பாத்துட்டு ஐயோ ஜாஸ்தியா இருக்கேன்னு காத்த இறக்கி விட்டீங்கன்னா மறுநாள் காலைல கம்மியாத்தான் இருக்கும். சூட்டுல காத்து இறக்கவே கூடாது.

அடுத்தது ஒரு ஓரம் மட்டும் தேயறது, எல்லாருக்கும் தலவலி குடுக்கறது இதுதான். இதுல கண்ண நம்பாதீங்க, கைய வச்சு பாருங்க. வண்டிய நிறுத்தி ஸ்டியரிங்க நல்லா ஒரு பக்கம் ஒடிச்சா முன் டயரோட முகம் வெளிய தெரியும். உள்ளங்கைய விரிச்சு டயர் மேல குறுக்க வைங்க, வெளி ஓரத்துலேர்ந்து உள் ஓரம் வரைக்கும் மெதுவா தடவுங்க, அப்புறம் உள்ளேர்ந்து வெளிய தடவுங்க. கம்பி கிம்பி நீட்டிட்டிருக்கான்னு முதல்ல கண்ணால ஒரு தடவ பாத்துட்டு தடவுங்க, கை கிழிஞ்சிடும். ஒரு பக்கம் போகும்போது வழவழன்னு போயி திரும்பி வரும்போது அரத்துல கை வச்ச மாதிரி சொரசொரன்னு பிடிச்சா, அது டோ கோளாறு, அதாவது முன் சக்கரம் நேரா பாக்காம உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பி நிக்குது, சந்தேகமே வேணாம். ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு முனை மழுங்கி எதிர் முனை கூரா நிக்கும், கண்ணுக்கு தெரியறதுக்கு ரொம்ப முன்னாடியே கைக்கு தெரிஞ்சிடும்.

எந்த பக்கம் பிடிக்குதுங்கறதுலயே பதில் இருக்கு. வெளிலேர்ந்து உள்ள போகும்போது வழவழப்பு, உள்ளேர்ந்து வெளிய வரும்போது பிடிக்குதுன்னா டோ இன் ஜாஸ்தி, அதாவது ரெண்டு முன் சக்கரமும் மூக்க உள்பக்கமா காட்டிட்டு ஓடுது, வெளி ஓரம் முதல்ல தேயும். அப்படியே தலைகீழா இருந்தா டோ அவுட், உள் ஓரம் தேயும். உள் ஓரம் தேயறதுதான் ஆபத்து, ஏன்னா வெளிலேர்ந்து பாத்தா டயர் புதுசா தெரியும், உள்ள கம்பி தெரிய ஆரம்பிச்சிருக்கும், டிரைவருக்கே தெரியாது.

டோங்கறது சின்ன அளவுதானே, ரெண்டு மூணு மில்லிமீட்டருக்கு என்ன ஆயிட போகுதுன்னு கேப்பாங்க. கணக்கு போட்டு பாருங்க, 195/80 ஆர் 15 டயரோட உயரம் 693 மில்லி, மொத்த டோ 3 மில்லி தப்பா இருந்தா ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒன்றரை மில்லி, அந்த கோணத்துல வண்டி 1 கிலோமீட்டர் நேரா போனா ஒவ்வொரு டயரும் 2 மீட்டருக்கு மேல பக்கவாட்டுல இழுபட்டுக்கிட்டே போகுது. யாங்கோன்லேர்ந்து மண்டலே வரைக்கும் எக்ஸ்பிரஸ் ரோடு சுமார் 365 மைல், கிட்டத்தட்ட 590 கிலோமீட்டர், அப்ப ஒரு தடவ போயிட்டு வந்தா எவ்வளவு ரப்பர் அந்த கான்கிரீட்ல போகுதுன்னு நீங்களே பாத்துக்கங்க.

கைக்கு ரெண்டு பக்கமும் வழவழன்னே இருக்கு, ஆனா ஒரு ஓரம் சரிவா தேஞ்சிருக்குன்னா அது கேம்பர், சக்கரம் தலைய உள்ள சாய்ச்சோ வெளிய சாய்ச்சோ நிக்குது. நம்ம வேன்ல இதுக்கு முக்கியமான காரணம் டார்ஷன் பார் தளர்ந்து முன்பக்கம் தாழ்ந்து போறதுதான். தாழ்ந்தா சக்கரத்தோட தலை உள்ள சாயும், உள் ஓரம் தேயும், அதோட டோவும் சேந்து மாறும். இன்னொரு பக்கம் சில பேரு குழிக்கு பயந்துக்கிட்டு டார்ஷன் பார் போல்ட முறுக்கி முன்னாடிய நல்லா தூக்கி வச்சிருப்பாங்க, அப்புறம் அலைன்மெண்ட் பாக்காமலே ஓட்டுவாங்க. முன் உயரத்துல கை வச்சா அலைன்மெண்ட திரும்ப பாத்தே ஆகணும்.

உயரத்த அளக்கறது சுலபம். சமதரையில நிறுத்தி, சக்கரத்தோட நடு மையத்துலேர்ந்து நேர் மேல ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் டேப் வச்சு ரெண்டு பக்கமும் அளங்க. 1 சென்டிமீட்டருக்கு மேல வித்தியாசம் இருந்தா எந்த பக்கம் தாழ்ந்திருக்கோ அந்த பக்கத்து டயரயும் எடுத்து பாருங்க, ரெண்டும் ஒத்து போகும் பெரும்பாலும்.

டயர சுத்தி அங்கங்க பள்ளம் பள்ளமா விழுந்திருந்து, ஓடும்போது ஊஊன்னு ஒரு சத்தம் வந்தா ஷாக் அப்சார்பர் போயிருச்சு, இல்ல பேலன்ஸிங் இல்ல, இல்ல ஹப் பேரிங் லூஸ். இந்த சத்தத்த கேட்டு பேரிங்க மட்டும் மாத்தி மாத்தி காச கரைச்சவங்க உண்டு, பேரிங் சத்தமும் டயர் சத்தமும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் கேக்கும். வெறும் கையால டயர சுத்தி தடவி பாத்துட்டு அப்புறம் பேரிங்குக்கு போங்க. ஒரே ஒரு இடத்துல மட்டும் தட்டையா வழிச்சு எடுத்த அடையாளம் இருந்தா அது பிரேக் லாக் ஆகி இழுத்துட்டு போனது, டிரைவர்ட்ட கேட்டா தெரிஞ்சிடும்.

பின் டயருக்கு வேற கணக்கு. பட்டை ஸ்பிரிங் வண்டில பின் அச்சு ஒரே கட்டை, அதுல கேம்பரும் டோவும் திருப்பி வைக்கறதுக்கு எதுவும் கிடையாது. அதனால பின் டயர்ல ஒண்ணு மட்டும் சீக்கிரம் தேஞ்சா காத்து, லோடு, பிரேக், அச்சு இந்த நாலத்தான் பாக்கணும். ஓட்டிட்டு வந்து நிறுத்தினதும் ரெண்டு பின் டிரம் கிட்டயும் கைய கொண்டு போங்க, தொடாதீங்க, கிட்ட கொண்டு போனாலே போதும், ஒண்ணு மட்டும் நெருப்பா அடிச்சா அந்த பக்கம் பிரேக் பிடிச்சுக்கிட்டே ஓடுது. அப்புறம் அச்சு நகந்திருக்கா பாருங்க, ஸ்டியரிங்க நேரா வச்சு, முன் சக்கர மையத்துலேர்ந்து பின் சக்கர மையம் வரைக்கும் ரெண்டு பக்கமும் டேப்பால அளங்க. 200 சீரீஸ் ஹையேஸ் சாதா நீளத்துக்கு அது 2570 மில்லி. நம்பர விட ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கறதுதான் முக்கியம், ஒரு பக்கம் 1 சென்டி குறைஞ்சா அச்ச ஸ்பிரிங்கோட இறுக்கி பிடிக்கற யூ போல்ட் லூஸாகி சென்டர் போல்ட் அறுந்து அச்சு நகந்திருக்கலாம். அதிக லோடு ஏத்தி குழில விழுந்து விழுந்து ஓடற வண்டில இது நடக்கறதுதான். பின்னாடி போற வண்டிலேர்ந்து பாத்தா வேன் கோணலா நண்டு நடை போட்டு போறது தெரியும், அத முன்னாடி அலைன்மெண்ட் பண்ணி சரி பண்ண முடியாது.

இனி நம்ம நாட்டுக்குன்னே உள்ள விஷயம். 1970 டிசம்பர்ல இங்க ரோட்டு போக்குவரத்த இடது பக்கத்துலேர்ந்து வலது பக்கத்துக்கு மாத்தினாங்க, ஆனா நம்ம கைல இருக்கற ஜப்பான் வேன் எல்லாம் இடது பக்கம் ஓடறதுக்குன்னு செஞ்சது, ஸ்டியரிங் வலது, பயணி ஏறற ஸ்லைடிங் கதவு இடது. ரோடுங்கறது மழைத் தண்ணி வடியறதுக்காக நடுவுல உயரமாவும் ஓரத்துல தாழ்வாவும் இருக்கும், நாம வலது பக்கம் ஓட்டறதுனால வண்டி எப்பவும் வலது பக்கமா சரிஞ்ச தரையில ஓடுது. டிரைவரும் அந்த தாழ்ந்த பக்கமே உக்காந்திருக்காரு. வண்டி கொஞ்சம் வலது பக்கம் இழுக்கும், டிரைவர் தெரியாமலே ஸ்டியரிங்க லேசா இடது பக்கம் பிடிச்சுக்கிட்டு ஓட்டுவாரு. இதோட மழை காலம் மே மாசம் ஆரம்பிச்சு அக்டோபர் வரைக்கும், ரோட்டு ஓரம்தான் முதல்ல பேந்துக்கிட்டு போகும், அந்த குழில விழறதும் வலது சக்கரம்தான்.

ஸ்கூல் ஃபெரிக்கு இன்னொண்ணு சேரும். பிள்ளைங்க இறங்கற கதவு ரோட்டு நடுப்பக்கம் திறக்குது, அதனால பொறுப்பான டிரைவருங்க பிள்ளைங்களுக்கு இடம் கிடைக்கட்டும்னு வண்டிய முடிஞ்ச அளவு வலது ஓரமா ஒட்டி நிறுத்தறாங்க. அது நல்லதுதான், அத மாத்தாதீங்க, பிள்ளைங்கதான் முக்கியம். ஆனா அதுல வலது டயர் தினமும் பிளாட்பாரத்துல உரசும், சில நேரம் முட்டி ஏறும், ஒவ்வொரு முட்டும் டை ராடுல (ஸ்டியரிங்க சக்கரத்தோட இணைக்கற கம்பி) போயி அடிக்குது. அதனால ஃபெரி வண்டில வலது முன் டயரோட பக்கச் சுவர வாரத்துக்கு ஒரு தடவ குனிஞ்சு பாருங்க, உப்பல் ஏதும் தெரிஞ்சா அந்த டயர் அன்னிக்கே கழட்ட வேண்டியது, அதுல பேசறதுக்கு ஒண்ணும் இல்ல.

ஆக வலது முன் டயர் இடதுத விட கொஞ்சம் முந்தி, ஆனா மேல் முகம் முழுக்க சமமா தேஞ்சிருந்தா பயப்படாதீங்க, அது ரோட்டோட வேலை, டயர மாத்தி மாத்தி போட்டா சரியாயிடும். ஆனா ஒரு ஓரம் மட்டும் சரிவா தேஞ்சாலோ, கைக்கு சொரசொரன்னு பிடிச்சாலோ அத ரோட்டு மேல பழி போட்டுட்டு விட்டுடாதீங்க, அது வண்டியோட கோளாறு.

இப்ப ஜாயிண்ட் எல்லாம் பாக்கறது. முன்பக்கத்த ஜாக்கி வச்சு தூக்கி, சேஸுக்கு அடியில ஸ்டாண்டோ நல்ல கனமான மரக்கட்டையோ கொடுத்துட்டுத்தான் கைய உள்ள விடணும், வெறும் ஜாக்கிய நம்பி ஒருத்தரும் வண்டிக்கு அடியில போகாதீங்க. சக்கரத்த மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. டொக்கு டொக்குன்னு ஆடுச்சுன்னா பேரிங்கா பால் ஜாயிண்டான்னு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு, வண்டில கூட வர்ற ஸ்பேர் பையன பிரேக்க நல்லா மிதிக்க சொல்லிட்டு திரும்ப ஆட்டுங்க, மிதிச்சதும் ஆட்டம் நின்னுட்டா பேரிங், மிதிச்சும் ஆடினா பால் ஜாயிண்ட். சக்கரம் தொங்கிட்டிருக்கும்போது சில வண்டில பால் ஜாயிண்ட் இறுகி நின்னு ஆட்டத்த மறைச்சிடும், அதனால ஜாக்கிய லோயர் ஆர்முக்கு அடியில மாத்தி கொடுத்து இன்னொரு தடவ ஆட்டி பாருங்க.

அப்புறம் இடது வலதுல பிடிச்சு ஆட்டுங்க, இதுல ஆட்டம் இருந்தா டை ராட் எண்ட், ரேக் எண்ட், பழைய மாடலா இருந்தா ஐட்லர் ஆர்ம். ஒருத்தர் ஸ்டியரிங்க லேசா இடது வலது ஆட்டிக்கிட்டே இருக்க, இன்னொருத்தர் ஜாயிண்ட் மேல விரல வச்சா எது லூஸுன்னு விரலுக்கே தெரியும். ரப்பர் பூட் கிழிஞ்சு கிரீஸ் வெளிய வந்திருந்தா, மழை காலத்துல தண்ணியும் சேறும் உள்ள போயி அந்த ஜாயிண்ட் ரொம்ப நாள் தாங்காது. அப்பர் ஆர்ம், லோயர் ஆர்ம் புஷ்ல டார்ச் அடிச்சு பாருங்க, ரப்பர் வெடிச்சு இரும்பு ஒரு பக்கமா ஒதுங்கி நின்னா மாத்தணும். ஷாக் அப்சார்பர்ல எண்ணெய் வழிஞ்சு தூசி ஒட்டியிருந்தா அது முடிஞ்சு போச்சு, மாத்தினா ரெண்டு பக்கமும் சேத்து மாத்துங்க.

லூஸ் எல்லாம் மாத்தியாச்சுன்னா டோவ வீட்லயே அளக்கலாம், மெஷின் வேண்டாம், அலைன்மெண்ட் கடைக்கு போற வரைக்கும் டயர காப்பாத்த இது போதும். முன் சக்கரத்த தூக்கி, டயர் நடுவுல சுத்தி சாக்பீஸ் தேய்ச்சு வெள்ளையாக்குங்க, ஒரு ஆணிய ஒரு கட்டை மேல ஆடாம வச்சு சக்கரத்த சுத்தினா வெள்ளை மேல ஒரு மெல்லிய கோடு விழும். ரிம் கோணலா இருந்தாலும் இந்த கோடு ஏமாத்தாது, அதனாலதான் டயரோட பட்டன் விளிம்ப வச்சு அளக்க வேணாம்னு சொல்றேன். ரெண்டு சக்கரத்துலயும் கோடு போட்டுட்டு வண்டிய இறக்கி, ஸ்டியரிங்க நேரா வச்சு, சமமான சிமெண்டு தரையில கொஞ்ச தூரம் முன்னாடி தள்ளி நிறுத்துங்க, பிரேக் போட்டு நிறுத்தாம தானா நிக்க விடுங்க, பின்னாடி தள்ளவே கூடாது. தூக்கி இறக்கின வண்டில ஸ்பிரிங் உடனே உக்காராது, முன்பக்கத்த ரெண்டு அமுக்கு அமுக்கி விட்டுட்டு தள்ளுங்க.

நூல்ல ஒரு நட்ட கட்டி, டயரோட முன் முகத்துல அந்த கோட்டுக்கு நேர தொங்க விட்டு தரையில நட்டு தொடற இடத்துல புள்ளி வைங்க, அதே டயரோட பின் முகத்துலயும் ஒரு புள்ளி. ரெண்டு சக்கரத்துக்கும் நாலு புள்ளி ஆச்சா, வண்டிய நகத்திட்டு தரையில முன் புள்ளி ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு, பின் புள்ளி ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவுன்னு டேப்ல அளங்க. முன்னது கம்மியா இருந்தா டோ இன், முன்னது ஜாஸ்தின்னா டோ அவுட். இந்த வேனுங்களுக்கு பொதுவா கிட்டத்தட்ட பூஜ்யம், இல்ல ஒண்ணு ரெண்டு மில்லி டோ இன் வரும், உங்க மாடலுக்கு உள்ளத மெக்கானிக் சயாட்ட (சயான்னா வேலை தெரிஞ்ச ஆசான்) கேட்டுக்கங்க. நாலஞ்சு மில்லி காட்டினா டயர் தடவினப்ப கை சொன்னதும் அதுவாத்தான் இருக்கும். ரெண்டும் ஒத்து போகலன்னா அளந்ததுல தப்பு, திரும்ப அளங்க.

அலைன்மெண்ட் கடைக்கு போகும்போது நாலு டயர்லயும் காத்து சரியா வச்சு, வண்டி வழக்கமா எந்த லோடுல ஓடுதோ அதுக்கு கிட்டத்துல வச்சு போங்க. எப்பவும் கூரை மேல கேரியர்ல சாமான் ஏத்தி ஓடற வண்டிய வெறும் வண்டியா கொண்டு போயி செட் பண்ணா லோடு ஏறினதும் மாறிடும். கை வைக்கறதுக்கு முன்னாடி எடுத்த ரீடிங்கயும் முடிச்ச பிறகு எடுத்த ரீடிங்கயும் ரெண்டயும் கேட்டு வாங்குங்க. "சயா, முதல் ரீடிங் எவ்வளவு இருந்துச்சு, ஃபோட்டோ எடுத்துக்கறேன்"னு கேட்டா நல்ல கடைக்காரர் கோவிச்சுக்க மாட்டாரு. வெளிய வந்து நேர் ரோட்ல ஓட்டும்போது ஸ்டியரிங் கோணலா நின்னா திரும்ப உள்ள கொண்டு போங்க, அப்புறம் பாத்துக்கலாம்னு வீட்டுக்கு வந்துடாதீங்க. நம்ம ரோட்டு சரிவுக்கு லேசா வலது இழுக்கறது இருக்கும், அத சோதிக்கணும்னா வண்டி இல்லாத, சரிவு இல்லாத இடமா பாத்து ஓட்டி பாருங்க, அங்கயும் இழுத்தா முன் டயர் ரெண்டயும் இடம் மாத்தி போட்டு பாருங்க, இழுப்பும் பக்கம் மாறினா கோளாறு டயர்லதான், அலைன்மெண்ட்ல இல்ல.

டயர் இடம் மாத்தறது 5000 மைலுக்கு ஒரு தடவ, ஜப்பான் மீட்டர் கிலோமீட்டர்ல ஓடறதுனால 8000ன்னு வச்சுக்கங்க. பின் சக்கரம் தள்ளுற வண்டிக்கு பின் டயர் ரெண்டயும் நேரா அதே பக்கம் முன்னாடி கொண்டு வாங்க, முன் டயர் ரெண்டயும் குறுக்க மாத்தி பின்னாடி போடுங்க. டயர்ல சுத்தற திசைக்கு அம்பு போட்டிருந்தா குறுக்க மாத்தக்கூடாது, அதே பக்கம் முன் பின் மட்டும். மாத்தினதும் காத்த திரும்ப செட் பண்ணணும், முன்னுக்கு ஒண்ணு பின்னுக்கு ஒண்ணு வேற வேற அளவு இருக்கறத மறந்துடறாங்க. வீல் நட்ட குறுக்கு குறுக்கா இறுக்கி, ஒரு நாள் ஓட்டினதுக்கு அப்புறம் இன்னொரு தடவ இறுக்கி பாருங்க.

டயர் வாங்கும்போது மூணு விஷயத்துக்கு கண்டிப்பா குனிஞ்சு பக்கச் சுவர படிங்க. ஒண்ணு, லோடு நம்பர். வேன் டயர்ல 107/105ன்னு போட்டிருந்தா ஒரு டயர் 975 கிலோ தாங்கும், கார் டயர் 91ன்னு போட்டிருந்தா வெறும் 615 கிலோ. ரிம்ல ஏறுது, விலை கம்மின்னு கார் டயர வேனுக்கு மாட்டினா ஓரம் தேயறது மட்டும் இல்ல, வெடிக்கும். ரெண்டாவது, தயாரிச்ச தேதி, நாலு இலக்கம் ஒரு முட்டை வடிவ கட்டத்துக்குள்ள இருக்கும், 2319ன்னா 2019ம் வருஷம் 23ம் வாரம். ஜப்பான் செகண்ட் டயர் பட்டன் நல்லா ஆழமா இருக்கும், தேதிய பாத்தா கிழடா இருக்கும், பட்டன் சந்துல விரல வச்சு விரிச்சு பாருங்க, மெல்லிசா வெடிப்பு தெரிஞ்சா எவ்வளவு மலிவா கொடுத்தாலும் வேணாம். மூணாவது, ஸ்டட்லெஸ்னு எழுதியிருக்கா பாருங்க, அது பனி ரோட்டுக்கு செஞ்ச மெத்து ரப்பர், ஜப்பான்லேர்ந்து வண்டியோடவே வந்துடும், பட்டன்ல நெளி நெளியா நிறைய மெல்லிய வெட்டு இருக்கும். நம்ம ஏப்ரல் வெயில்ல அது அலைன்மெண்ட் எவ்வளவு சரியா இருந்தாலும் கரைஞ்சு போகும், அதுவும் இதுவும் கலந்து ஒரே அச்சுல போட்டிருந்தா பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கமா திரும்பும்.

எக்ஸ்பிரஸ் ரோட்ல டயர் வெடிச்சு வண்டி கவுந்த சேதி நாம கேக்காத வருஷம் இல்ல, காத்து கம்மி, லோடு ஜாஸ்தி, வேகம், சூடான கான்கிரீட், இது நாலும் சேந்தா நல்ல டயரே தாங்காது, உள் ஓரம் தேஞ்ச டயர் எப்படி தாங்கும். அந்த ரோட்டுக்கு ஏறறதுக்கு முந்தின நாள் ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் ஒடிச்சு முன் டயரோட உள் ஓரத்த டார்ச் அடிச்சு பாருங்க. பட்டன் சந்துக்குள்ள குறுக்க ஒரு சின்ன மேடு இருக்கும், அது 1.6 மில்லி உயரம், எந்த இடத்துலயாவது பட்டன் அந்த மேட்டுக்கு சமமா வந்துட்டா, மத்த இடம் எவ்வளவு ஆழமா இருந்தாலும் அந்த டயர் முடிஞ்சு போச்சு. பின்னாடி வண்டிக்கு அடியில தொங்கற ஸ்டெப்னியயும் இறக்கி காத்து பாருங்க, அதோட தேதியும் பாருங்க, தேவைப்படற அன்னிக்கு இறக்கினா சங்கிலி துருப்பிடிச்சு இறங்காது, அதுக்கு கொஞ்சம் கிரீஸ் போட்டு வைங்க.